அவசரத்தில் வாங்கிய 1939 வெள்ளி ரூபாய்

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக நாணயம் சேர்த்து வருகிறேன். பெரும்பாலும் குடியரசு இந்தியாவின் நினைவு நாணயங்கள்தான். போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு டேபிளில் 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் இருந்தது. "இன்னொருத்தர் பணம் எடுக்க ஏ.டி.எம். போயிருக்கார். வேணும்னா இப்பவே சொல்லுங்க" என்றார் டீலர். 68,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். 40,000 யு.பி.ஐ.யில் அனுப்பினேன், மீதி ரொக்கம். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் "பழைய வெள்ளிக் காசு - 1" என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகு மனசே சரியில்லை. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் பாதிப் பேர் போலி என்கிறார்கள். "கறுத்துக் கிடக்கு, விபூதி போட்டுத் தேய்ச்சா தெரிஞ்சுடும்" என்கிறார் மனைவி. ரிசர்வ் வங்கியே லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் என்கிறார் மாமா. இது அசலா என்று எப்படிப் பார்ப்பது? போலி என்றால் பணம் திரும்புமா? இன்னொரு முறை இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் விபூதியைத் தள்ளி வையுங்கள். புளி, பற்பசை, சோடா உப்பு, கடையில் விற்கும் வெள்ளி பாலிஷ் என எதுவும் அந்தக் காசின் மேல் படக் கூடாது. குத்துவிளக்குக்கும் வெள்ளித் தட்டுக்கும் அது சரி, நாணயத்துக்குக் கேடு. தேய்த்தால் தளத்தில் மயிரிழைக் கீறல்கள் விழும். விழுந்தால் விழுந்ததுதான், பிறகு எடுக்க வழியில்லை. அசல் 1939 ரூபாயாகவே இருந்தாலும், தேய்த்துப் பளபளப்பாக்கியதற்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தர மாட்டார்கள். உங்கள் விஷயத்தில் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்தக் கறுப்புதான் உங்கள் சாட்சி. ஆண்டு எண்ணில் யாராவது கை வைத்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் கறுப்பின் நிறமும் அடர்த்தியும் மாறியிருக்கும். தேய்த்துவிட்டால் தடயம் போய்விடும். திருப்பிக் கொடுக்கப் போகும்போது "நான் கொடுத்த மாதிரி இல்லையே" என்று சொல்ல டீலருக்கும் இடம் கிடைத்துவிடும்.

மாமா சொன்னது நடக்காது. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் தாங்கள் வாங்குவதோ விற்பதோ இல்லை, அதற்குக் கமிஷனோ கட்டணமோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிப்பே வெளியிட்டது. அந்த வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது போன் செய்து, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்றால் அது மோசடி. உங்கள் குழுவில் படம் போட்டிருப்பதால் அப்படிப்பட்ட அழைப்பு வர வாய்ப்பு உண்டு, கவனமாக இருங்கள்.

சோதனைகளுக்குப் போகும் முன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் சீட்டில் ஆண்டே இல்லை. "பழைய வெள்ளிக் காசு" என்ற மூன்று சொல் விவரத்தை வைத்துக்கொண்டு, 1939 என்று சொல்லித்தான் விற்றார் என்று நாளைக்கு நிரூபிப்பது கஷ்டம். டீலரின் எண்ணுக்கு மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: "வணக்கம் சார். ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கண்காட்சியில் உங்களிடம் 1939 ஜார்ஜ் ரூபாய் ஒன்று 68,000 ரூபாய்க்கு வாங்கினேன். 40,000 யு.பி.ஐ., 28,000 ரொக்கம். சீட்டில் ஆண்டு விட்டுப்போயிருக்கிறது. ஆண்டு, எடை, அசல் நாணயம் என்ற விவரம், உங்கள் கடைப் பெயர், முகவரியோடு பில் அனுப்பி உதவுங்கள். காசின் படம் இணைத்திருக்கிறேன்." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, வாங்கியவர் கேட்க உரிமையுள்ள விஷயம்தான். நேர்மையான டீலர் உடனே அனுப்புவார். "ஆமா சார், 1939தான், ஒரிஜினல்" என்று ஒரு வரி பதில் வந்தாலே போதும், அது எழுத்து ஆதாரம். யு.பி.ஐ. ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கண்காட்சி நுழைவுச் சீட்டையும், டேபிள் எண் நினைவிருந்தால் அதையும் அதே உறையில் போடுங்கள்.

இனி காசுக்கு வருவோம். 1939 ரூபாயைப் போலி செய்ய ஏன் இவ்வளவு பேர் மெனக்கெடுகிறார்கள் என்று தெரிந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1939 வரை ஒரு ரூபாய் 11.66 கிராம் எடை, 30.5 மில்லிமீட்டர் விட்டம், 91.7 சதவீத வெள்ளி. போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்க ஆரம்பித்தார்கள். 1940-இல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதே ஆண்டு ரூபாய்க் காசின் வெள்ளி 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய வெள்ளி ரூபாய்கள் படிப்படியாகத் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. அந்த வரிசையின் கடைசி ஆண்டான 1939 அதில் சிக்கியதால், இன்று கைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. ஆனால் அதே மன்னர் தலை, அதே எடை, அதே வெள்ளி கொண்ட 1938 ரூபாய் சாதாரணமாகக் கிடைக்கிறது, விலையும் பக்கத்தில்கூட வராது. அதாவது நீங்கள் கொடுத்த 68,000 ரூபாயில் பெரும்பகுதி கடைசி இலக்கத்துக்குக் கொடுத்தது. 8 இருந்தால் ஒரு விலை, 9 இருந்தால் இன்னொரு விலை. ஏமாற்றுபவர் கை வைப்பதும் அந்த ஒரு இலக்கத்தில்தான்.

போலிகள் மூன்று விதமாக வரும். முதலாவது, அசல் 1938 ரூபாயின் 8-ஐ 9 ஆக மாற்றியது. இரண்டாவது வார்ப்பு, அதாவது அசலில் இருந்து அச்செடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றியது. மூன்றாவது, புதிதாக அச்சு வெட்டி, நல்ல வெள்ளியிலேயே அடித்தது. வார்ப்பைக் கண்டுபிடிப்பது எளிது. மாற்றிய இலக்கத்தைப் பொறுமை இருந்தால் கண்டுபிடிக்கலாம். மூன்றாவது வகைக்கு அனுபவமுள்ள கண் வேண்டும். இந்த வரிசையிலேயே சோதனைகளையும் செய்யுங்கள்.

மேஜை மேல் ஒரு மெத்தென்ற துணியை விரித்து அதற்கு மேலே வைத்துப் பாருங்கள், கை தவறினாலும் காசு தரையில் விழாது. காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பை மட்டும் இரு விரலால் பிடியுங்கள்.

விளிம்பில் தொடங்குங்கள், அரை நிமிடத்தில் முடியும். அசல் 1939 ரூபாயின் விளிம்பில் நேர் நேரான வரிகள் மட்டும் இருக்கும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய்களில், போலியைத் தடுப்பதற்காக, அந்த வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். நாணயக்காரர்கள் அதை செக்யூரிட்டி எட்ஜ் என்பார்கள். உங்கள் காசில் அந்தப் பள்ளம் இருந்தால் மேலே எந்தச் சோதனையும் தேவையில்லை. 1940-இலோ அதற்குப் பிறகோ வந்த ரூபாயில் ஆண்டை மாற்றியிருக்கிறார்கள். பள்ளம் இல்லை என்றால், விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு ஏதாவது தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். கோடு நடுவில் ஓடினால் வார்ப்பு. முகப்பின் ஓரத்தை ஒட்டி ஓடினால் இரண்டு காசுகளின் பாதிகளைச் சேர்த்து ஒட்டியது.

அடுத்தது எடை. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். உங்கள் ஊரில் பழக்கமான நகைக்கடையில் கேட்டால் போட்டுத் தருவார்கள். ஆனால் உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள்: உரைகல்லில் உரைக்க வேண்டாம், ஆசிட் வைக்க வேண்டாம். பழக்க தோஷத்தில் ஓரத்தை உரைத்துப் பார்த்துவிடுவார்கள், அதோடு காசின் மதிப்பு போச்சு. நல்ல நிலையில் உள்ள ரூபாய் 11.60 முதல் 11.68 கிராமுக்குள் இருக்கும். புழங்கித் தேய்ந்திருந்தால் 11.5 வரை இறங்கலாம். தேய்மானமே தெரியாத காசு 11.3 காட்டினாலும், எந்தக் காசாக இருந்தாலும் 11.8 காட்டினாலும் சந்தேகப்படுங்கள்.

எடை சரியாக இருந்தால் வெள்ளி சரி என்று ஆகிவிடாது, ஏனென்றால் பாதி வெள்ளி ரூபாயும் அதே எடைதான். இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய நீர்ச் சோதனை இருக்கிறது. சிறிய கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு வாலைவடிநீர் ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும். டம்ளரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தூண்டிலுக்குப் போடும் மெல்லிய நைலான் இழையில் சுருக்குப் போட்டுக் காசைக் கட்டி, கையாலோ ஒரு கம்பியில் தொங்கவிட்டோ, முழுவதும் நீரில் அமிழும்படி விடுங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. தராசு காட்டும் எண்தான் காசு இடம்பெயர்த்த நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 91.7 சதவீத வெள்ளிக்கு 10.3 வர வேண்டும். காசு 11.62 கிராம் என்றால் நீரில் 1.12 அல்லது 1.13 காட்டும். 1.22 காட்டினால் அடர்த்தி 9.5, அது பாதி வெள்ளி. 1.30-க்கு மேல் போனால் செம்பு, நிக்கல், பித்தளை வகை உலோகத்துக்கு வெள்ளி முலாம் போட்டது.

இந்தச் சோதனை தப்பாகப் போவது பெரும்பாலும் காற்றுக் குமிழால்தான். எழுத்துகளின் இடுக்கில் ஒரு குமிழ் ஒட்டிக்கொண்டாலும் நீரில் எண் கூடி, நல்ல வெள்ளியும் மட்டமாகத் தெரியும். காசை நீருக்குள் மெதுவாக ஆட்டிக் குமிழை விடுவித்துவிட்டு, மூன்று முறை அளந்து பாருங்கள். பருத்தி நூல் வேண்டாம், அது நீரை உறிஞ்சும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அந்தக் காற்றிலேயே இரண்டாம் தசம எண் ஆடும். முடிந்ததும் மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் இருக்கும், எக்ஸ்ரே கதிரால் உலோகக் கலவையைப் படிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷினிலும் போட்டுப் பார்க்கலாம், காசுக்குச் சேதம் இல்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். கனமான முலாம் இருந்தால் ஏமாந்துவிடும். நீர்ச் சோதனையும் மெஷினும் ஒரே பதிலைச் சொன்னால்தான் உலோகம் பற்றி நிம்மதி அடையலாம். காசைத் தரையில் போட்டுச் சத்தம் கேட்பது பழைய வழக்கம், அதை விட்டுவிடுங்கள். விழுந்த இடத்தில் விளிம்பு நசுங்கும்.

இதெல்லாம் சரியாக வந்தாலும் காசு 1938-ஆக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். அதனால் இப்போது இலக்கத்துக்கு வாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாட்ச் ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டால் இரவலாகவும் தருவார். அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைக் காசின் பக்கவாட்டில், ஏறக்குறைய மேஜை மட்டத்தில் பிடியுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் மேடு பள்ளத்தை மறைக்கும், பக்க வெளிச்சம் நிழலைக் காட்டிக் கொடுக்கும். கண்காட்சி அரங்குகளில் டியூப்லைட் எல்லாம் மேலே இருப்பதால்தான் அங்கே பார்த்தால் எல்லாக் காசும் நன்றாகத் தெரிகிறது.

ஆண்டில் இரண்டு 9 இருக்கிறது. இரண்டாம் இலக்கத்தில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள், அதனால் அதுவே உங்கள் அளவுகோல். கடைசி 9-ஐ அதோடு ஒப்பிடுங்கள். 8-ஐ 9 ஆக்க, கீழ் வட்டத்தின் இடப்பக்கத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும். அப்படிச் செதுக்கிய 9-க்குத் தலை சிறுத்தும் வால் பருத்தும் இருக்கும், ஏனென்றால் 8-இன் மேல் வட்டமே சிறியது. செதுக்கிய இடத்தில் தளம் சற்றுக் குழிந்திருக்கும், அல்லது ஒரே திசையில் நுண்ணிய கீறல்கள் ஓடும். வாலின் முனை வட்டமாக முடியாமல் வெட்டியதுபோல் முடியும். கறுப்பு அங்கே மட்டும் வெளிறியிருக்கும், அல்லது ரசாயனம் வைத்துக் கறுக்க வைத்ததால் மையைத் தொட்டு வைத்ததுபோல் அடர்த்தியாக இருக்கும். இன்னொரு வேலையும் நடக்கிறது. 8-ஐ முழுதாக வழித்தெடுத்துவிட்டு, வேறு காசிலிருந்து வெட்டிய 9-ஐ வைத்து ஒட்டுவார்கள். அப்போது இலக்கத்தின் அடியில், அது தளத்தோடு சேரும் இடத்தில், மெல்லிய கறுப்புக் கோடு சுற்றி ஓடும். அச்சில் அடித்த இலக்கம் தளத்திலிருந்து ஒட்டுக் கோடே இல்லாமல் எழும்பி நிற்கும்.

வார்ப்பாக இருந்தால் லூப்பில் வேறு காட்சி. தளத்தில் ஊசி முனை அளவுக் குழிகள், எழுத்துகளுக்கு இடையே சிறு பருக்கள், எழுத்தின் ஓரம் கூர்மையில்லாமல் மழுங்கியிருப்பது. மன்னரின் கிரீடத்தில் நுண்ணிய வேலைப்பாடு குழம்பியிருக்கும். தேய்மானம் என்றால் மேடான இடங்கள், அதாவது கிரீடத்தின் வளைவு, காது, நெற்றிப்பொட்டுப் பக்க முடி ஆகியவை மட்டும் தேயும், பள்ளங்கள் கூர்மையாகவே இருக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தே மழுங்கியிருந்தால் அது தேய்மானம் இல்லை.

மூன்றாவது வகைக்கு ஒப்பீடுதான் வழி. மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏலப் பட்டியல்களைப் படங்களோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. அவற்றில் விற்ற 1939 ரூபாய்களின் படங்களை எடுத்து, எழுத்துகளின் இடைவெளி, இலக்கங்களின் உயரம், உருது எழுத்தின் வளைவு, கீழே மலருக்கு அடியில் பம்பாய் நாணயச்சாலையின் அடையாளமான புள்ளி ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இன்னொன்றும் தேடுங்கள். உங்கள் காசில் உள்ள ஒரு குறிப்பிட்ட கீறலோ பள்ளமோ, வேறொருவர் விற்கும் 1939 ரூபாயிலும் அதே இடத்தில், அதே வடிவில் இருந்தால் இரண்டுமே போலி. புழக்கத்தில் விழும் கீறல் இரண்டு காசில் ஒரே மாதிரி விழாது. அச்சு எடுத்த மூலக்காசில் இருந்த கீறல்தான் எல்லாவற்றிலும் வருகிறது.

வாட்ஸ்அப் குழுவின் தீர்ப்பைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கே படம் சுருங்கிப் போய்ச் சேர்கிறது, கடைசி இலக்கத்தின் அடிவாரம் அதில் தெரியவே தெரியாது. காசை நேரில் காட்டுங்கள். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் சங்கங்களில் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள், முதலாமவர் சொன்னதை இரண்டாமவரிடம் சொல்லாதீர்கள். "போலிதான் தம்பி, ஆனா வெள்ளிக்காக மூவாயிரம் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கருத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வாங்க நினைப்பவர் மதிப்பீடு சொல்லக் கூடாது.

இவ்வளவிலும் தேறிவிட்டால் மட்டும் என்.ஜி.சி. அல்லது பி.சி.ஜி.எஸ். சான்றுக்கு அனுப்புங்கள். இந்த இரண்டும் நாணயங்களைச் சரிபார்த்துத் தரம் சொல்லும் அமெரிக்க நிறுவனங்கள். இங்குள்ள முகவர்கள் வழியாக அனுப்பலாம், திரும்பி வர மாதங்கள் ஆகும். அசல் என்றால் தரம் குறித்து, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி, எண் போட்டுத் தருவார்கள். ஆண்டு மாற்றிய காசுக்கு அசல் என்ற சான்று கிடைக்காது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. 1939 காசுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. ஆனால் 1911 ரூபாயையோ விக்டோரியா ரூபாயையோ இதே நினைப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

போலி என்று தெரிந்தால் பணம் திரும்புமா? திரும்பும், ஆனால் வேகம் முக்கியம். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 1939 என்று விற்றது 1938 ஆக இருந்தால் அதை நிராகரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே சட்டம், பொருளை நியாயமான காலத்துக்கு மேல் பேசாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கருதும் என்றும் சொல்கிறது. அதனால் விளிம்புச் சோதனையிலேயே தோற்றால் அன்றைக்கே எழுதுங்கள்: காசு விவரத்துக்கு ஒத்துவரவில்லை, காரணம் இது, படம் இது, பணத்தைத் திருப்பித் தாருங்கள். காசைத் தபாலில் அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். நேரில் போய், காசைக் கொடுக்கும்போதே பணத்தை வாங்குங்கள். முடியாவிட்டால் இருவருக்கும் தெரிந்த மூன்றாமவர் முன்னால் வைத்து முடியுங்கள்.

பதில் வராவிட்டால் கண்காட்சி அமைப்பாளரிடம் போங்கள். யாருக்கு எந்த டேபிள் என்ற பட்டியல் அவரிடம் இருக்கும். போலி விற்றவருக்கு அடுத்த ஆண்டு டேபிள் கிடைக்காது என்ற பயம் பல நேரம் வழக்கை விட வேகமாக வேலை செய்யும். அதுவும் பலிக்காவிட்டால் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், டீலர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. மறுவிற்பனை செய்து சம்பாதிக்க வாங்கினேன் என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள், உண்மையில் நீங்கள் சேகரிப்புக்குத்தானே வாங்கினீர்கள். வியாபாரத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்காது. ரொக்கமாகக் கொடுத்த 28,000-க்குச் சாட்சி இல்லாததுதான் உங்கள் பக்கத்துப் பலவீனம். மேலே சொன்ன செய்தியில் தொகையை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னது அதற்காகத்தான். மறுக்காமல் அவர் பில் அனுப்பினால் அந்த ஓட்டை அடைபட்டுவிடும்.

காசு அசல், ஆனால் அதிக விலை கொடுத்துவிட்டேன் என்றால் அது வேறு கதை. விலை அதிகம் என்பதற்காகச் சட்டம் உதவாது. ஏலப் பட்டியலில் உங்கள் காசின் தரத்தில் உள்ளவை மட்டும் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள், புழங்காத காசின் விலையைத் தேய்ந்த காசோடு ஒப்பிட வேண்டாம். அங்கே காட்டும் தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷனும் ஜி.எஸ்.டி.யும் கொடுத்திருப்பார், விற்றவருக்குக் கமிஷன் போக மீதிதான் கிடைத்திருக்கும். வித்தியாசம் பத்துப் பதினைந்து சதவீதம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அசல் 1939 ரூபாய் ஒரு சேகரிப்பில் இருக்க வேண்டிய காசுதான். அதற்கு மேல் என்றால் டீலரிடம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், பணமாக இல்லாவிட்டாலும் வேறு காசாகத் தர பலர் சம்மதிப்பார்கள்.

அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது சட்டைப் பையில் லூப்பும், 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசும் இருக்கட்டும். போனில், நீங்கள் தேடும் காசுகளின் ஏலப் படங்களைச் சேமித்து வையுங்கள், அரங்கில் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் போகலாம். ஒவ்வொரு காசுக்கும் அதிகபட்சம் எவ்வளவு என்று வீட்டிலேயே எழுதி வையுங்கள். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் எல்லா டேபிளையும் பாருங்கள், டேபிள் எண்ணையும் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே காசு மூன்று டேபிள் தள்ளி பாதி விலையில் இருப்பது அடிக்கடி நடக்கிறது.

இன்னொருவர் ஏ.டி.எம். போயிருக்கிறார் என்று சொன்னால், "சரி சார், ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு ஒரு மணி நேரம் எடுத்து வைங்க, சரிபார்த்துட்டு வர்றேன்" என்று கேளுங்கள். அந்த இன்னொருவர் உண்மையிலேயே வந்தால், நீங்கள் ஒரு காசை இழப்பீர்கள், அவ்வளவுதான். 1939 ரூபாய் அரிதுதான், ஆனால் ஏலங்களில் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. காசை ஹோல்டரிலிருந்து எடுத்து எடை போட விடாதவரிடம் ஐயாயிரத்துக்கு மேல் எதுவும் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பெட்டியில் சான்றோடு இருந்தாலும், பெட்டியின் எண்ணைச் சான்று கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் அதையும் கையில் உள்ள காசையும் ஒப்பிடுங்கள். பெட்டியும் போலியாக வருகிறது. பணம் கொடுக்கும் முன் பில்லில் ஆண்டு, மன்னர் பெயர், எடை, "அசல், போலி எனில் திரும்பப் பெறப்படும்" என்ற வரி, கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். முழுத் தொகையையும் யு.பி.ஐ. அல்லது வங்கி வழியாகவே கொடுங்கள்.

கண்காட்சியில் புதியவர்களை மயக்கும் வேறு இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்து உங்கள் முன்னால் வரப்போவது அவைதான். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, 1616, 1818 என்று ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு வரும் காசுகளைக் கம்பெனி அடித்ததே இல்லை. அவை பிற்காலத்தில் பக்தர்களுக்காகச் செய்த வில்லைகள். பூஜையில் வைக்கலாம், லட்ச ரூபாய் கொடுக்கக் கூடாது. 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜின் "பன்றி ரூபாய்" உண்மையான காசு. மன்னரின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, 1912-இல் திருத்தினார்கள். ஆனால் 1911 ரூபாய் எல்லாவற்றிலுமே அந்த யானைதான். "இந்த ஒரு பீஸ்லதான் இப்படி இருக்கு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

முடிவு தெரியும்வரை உங்கள் காசை வட்டமான அக்ரிலிக் கேப்சூலில் போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். டீலர் கொடுத்த மென்மையான பிளாஸ்டிக் கவர் பி.வி.சி. ஆக இருக்கலாம். நாளாக ஆக அதிலிருந்து பச்சைப் பிசுபிசுப்பு கசிந்து வெள்ளியில் படியும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் பக்கத்தில் வேண்டாம், இரண்டிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். எடை, நீரில் காட்டிய எண், விளிம்பின் படம், பக்க வெளிச்சத்தில் எடுத்த ஆண்டின் நெருக்கப் படம் ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். படங்களைச் சுருக்காமல் டாக்குமென்டாக அனுப்பினால் கடைசி இலக்கத்தைப் பற்றி உறுதியாக எதையாவது சொல்ல முடியும்.